பதினேழாம் எண் கோட்டு

டுலூத் நகரக் கல்லூரியின் அடித்தளத்தில்,
கொதிகலன் அறைக்கும்
தொலைந்த பொருள் அலமாரிக்கும் நடுவே
என் இருக்கை.
நாற்பத்தொரு கோட்டு, பன்னிரண்டு டை,
ஒன்பது ஜோடி கறுப்பு ஷூ.
நேர்காணலுக்குப் போகிற பிள்ளைகள்
கையெழுத்திட்டு எடுத்துப் போகலாம்.
வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தர வேண்டும்.
தண்ணீரில் துவைக்கக் கூடாது.
பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்,
யாரும் படிப்பதில்லை.
வேலை விளம்பரத்தையே
பாதிக்கு மேல் படிக்காதவர்கள்.

பிப்ரவரி. சுப்பீரியர் ஏரி கரையோரம் உறைந்து கிடந்தது.
ஓரின் லாஹ்தி வந்தான்,
பூட்ஸில் பனி, கையில் ஒற்றைத் தாள்.
பெயர், முகவரி, படிப்பு.
அதற்குக் கீழே முழுதும் வெள்ளை.
"அனுபவம்?"
"ஒன்றுமில்லை."

இந்த அறையில் நான் அதிகம் கேட்ட சொல்.
"காலை நாலு மணிக்கு என்ன செய்வாய்?"
கண்ணுக்குக் கீழே கறுத்திருப்பவர்களிடம் மட்டும்
இப்படிக் கேட்பேன்.

மாமாவின் லாரியில் பனி வழிக்கிறானாம்.
தேவாலயம், பல் மருத்துவர், மளிகைக்கடை.
எத்தனை அங்குலப் பனிக்கு எத்தனை வாளி உப்பு,
எந்தக் குளிருக்குமேல் உப்பு தோற்று
வெறும் கல்லாய்க் கிடக்கும்
என்பதையெல்லாம் ஒரு நோட்டில் குறிக்கிறான்,
மூன்று குளிர்காலமாக.
"யார் சொல்லி?"
"யாரும் இல்லை. வடிகால் வழியே
எல்லாம் ஏரிக்குத்தானே போகிறது."

உப்புக்குப் பெறாதது என்று
அவன் எழுதாமல் விட்டது
உப்பைத்தான்.

பேனாவை எடுத்தேன். தொழில் புத்தி.
'பனி அகற்றும் பணிகளுக்குத் தலைமையேற்றேன்.
உப்புப் பயன்பாட்டைத் திட்டமிட்டு மேம்படுத்தினேன்.'
படித்தான். காது சிவந்தது.
"இது வேறு யாரோ."
அடித்துவிட்டு மேலே எழுதினான்:
உப்புப் போட்டேன். எவ்வளவு என்று எழுதி வைத்தேன்.

பத்தொன்பது வருடமாய்
வினைச்சொல் தைத்துக் கொடுக்கிறேன்,
தோளில் பஞ்சு வைத்து, இடுப்பில் பிடித்து.
அளவு சரியில்லை என்று கழற்றிக் கொடுத்தவன்
இவன் ஒருவன்.

கோட்டிலும் அளவு சரியில்லை.
பதினேழாம் எண், சாம்பல் கம்பளி,
மணிக்கட்டு இரண்டு அங்குலம் வெளியே.
இருந்ததில் அதுதான் நீளம்.
நீர் ஆய்வகத்தில் கோடைக்காலப் பயிற்சிக்கு நேர்காணல்.
ஒத்திகை பார்த்தோம்.
"உங்கள் பலவீனம் என்ன?"
கொதிகலன் இரண்டு முறை இருமும்வரை யோசித்தான்.
"இந்த மாதிரிக் கேள்வி."
அங்கே இதைச் சொல்லிவைக்காதே என்றேன்.
சொல்லிவிட்டானாம்.

'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.'
நன்றியில் தொடங்கும் கடிதத்துக்கு
இரண்டாம் வரி தேவையில்லை.

கோட்டு வந்தது, பதினொரு நாள் தாமதமாய்,
அழகாய் மடித்து, சோப்பு மணக்க.
மரியாதைக்காகத் துவைத்திருக்கிறான்.
வெந்நீரில்.
பிறகு சூட்டு உலர்த்தியில்.
விரித்துப் பார்த்தேன்,
பள்ளிப் பிள்ளையின் கோட்டு.
"எவ்வளவு தர வேண்டும்?" என்றான், தரையிடம்.
பதிவேட்டில் 'சேதம்' என்ற கட்டத்தில்
பேனாவை வைத்தேன்.

"அது யாருக்காவது போகிறதா?"
வாசலில் ஹொதான், கணக்கியல் மாணவி,
நாலடி பத்தங்குலம்.
இரண்டு ஆண்டாய் இங்கே எதைப் போட்டாலும்
கூடாரத்துக்குள்ளிருந்து பேசுகிறவள்போல் இருப்பாள்.
மாட்டினாள்.
தோள் தோளில் உட்கார்ந்தது.
முக்காட்டு ஓரத்தைக் காலருக்குள் செருகிக்கொண்டு
கண்ணாடி முன் ஒருமுறை
"வணக்கம், நான் ஹொதான்" என்றாள்.
நிறுத்தி, கொஞ்சம் மெதுவாய், மறுபடியும்.

பைக்குள் கை விட்டவள்
நனைந்து காய்ந்த காகித உருண்டையை எடுத்தாள்.
"என் விவரத்தாள்" என்றான் ஓரின்.
வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்,
வேறு எழுத வேண்டும் என்று.

அவள் படியேறிப் போனாள்.
அவன் போகவில்லை.
"இருபத்திரண்டில் கை நீளமா?"
சுவரைக் காட்டினேன்.
அறிவிப்பை உரக்கப் படித்தான்,
கடைசி வரிவரை.