திருத்தம்

குப்பியில் ஒட்டிய தாளில் என் கையெழுத்து:
பிபி-47, ஒன்பதாம் பின்னம், ஜூன் 2012.
பிபி என்றால் பாலிக் பூலாவ். மரப்பட்டை அங்கே எடுத்தது.
குளிர்ப்பெட்டியைக் காலி செய்யச் சொன்னது பாதுகாப்புப் பிரிவு;
இல்லாவிட்டால் இன்னும் பத்து வருடம் இருந்திருக்கும்,
காலாவதியான ஈத்தருக்கும்
யாரோ மறந்துவைத்த மைலோ டின்னுக்கும் நடுவில்.

அடியில் மஞ்சள் ஊசிகள்.

அன்று எத்தனை கரைப்பான் மாற்றினேன்,
ஹெக்சேன், அசிட்டோன், மெத்தனால், கெஞ்சல்.
பிசினாகவே கிடந்தது.
நான் பார்ப்பதை நிறுத்திய பிறகு
அதுபாட்டுக்குப் படிகமாகியிருக்கிறது.

ஓர் ஊசியைத் தேர்ந்து
எக்ஸ்-கதிர் அறைக்குக் கொண்டுபோனேன்.
"பழைய சரக்குக்கு எதுக்கு டாக்டர் மிஷின் நேரம்?"
ரொஸ்லீனா கேட்டாள்.
சும்மாதான் என்றேன்.
சும்மா இல்லை.

ஆறு வருடத்துக்கு முன்
குரிடிபாவிலிருந்து ஒரு மாணவன் எழுதியிருந்தான்:
உங்கள் சேர்மத்தைப் பதினான்கு படிகளில் செய்து முடித்தேன்,
உங்கள் நிறமாலையோடு பொருந்தவில்லை,
நான் எங்கே தவறினேன் என்று சொல்ல முடியுமா?
நான் எங்கே தவறினேன் என்று
அவன் கேட்டிருந்தான்.

பதில் எழுத உட்கார்ந்த அன்று மானிய அறிக்கைக்குக் கடைசி நாள்.
மறுநாள் விடைத்தாள் கட்டு.
கடிதம் கீழே கீழே இறங்கிப் போயிற்று,
சிலிக்கா நிரலில் இறங்கும் பட்டை மாதிரி,
அடியில் பிடித்துக்கொள்ள யாரும் சோதனைக்குழாய் வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் திரையில் வந்தது.
வெளியே மழை ஜெரஜாக் தீவை அழித்துவிட்டிருந்தது.
கார்பன் எண்ணிக்கை சரி. ஆக்சிஜன் சரி.
நான்காவது வளையம் மட்டும்
நான் வரைந்த பக்கத்தில் இல்லை.
மறுதோளில் உட்கார்ந்திருந்தது,
எப்போதும் அங்கேதான் இருந்ததுபோல.
எப்போதும் அங்கேதான் இருந்தது.

நாற்பத்தொரு பேர் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.
லோஷினியின் ஆய்வேட்டில் இரண்டாம் அத்தியாயம் அதன்மேல் நிற்கிறது.
அவள் இப்போது பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலையில்
தண்ணீரின் தூய்மை பார்க்கிறாள்,
என்னைவிட ஒன்றரை மடங்கு சம்பளம்,
தீபாவளிக்கு டப்பா நிறைய நெய்யுருண்டை அனுப்புகிறாள்.
பேராசிரியர் பதவிக்கான என் கோப்பு
திங்கட்கிழமை போக வேண்டும்.
அதில் முதல் வரி இந்தக் கட்டுரை.

கேண்டீனில் டாக்டர் ஊய் தே ஓ-வைக் கலக்கியபடி சொன்னார்:
"ஓய்வு பெறும் வருடம் திருத்திக்கொள். அவசரம் என்ன?"
அவரிடம் எத்தனை குப்பி இருக்கிறது என்று
நான் கேட்கவில்லை.

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு.
அது மருந்தாகவில்லை, யாரையும் கொல்லவுமில்லை.
சில எலிகளின் கால்வீக்கத்தைக் கொஞ்சம் குறைத்தது;
அதையும் குப்பியிலிருந்த பொருள்தான் குறைத்தது,
என் படம் இல்லை.
பொருள் ஒருநாளும் பொய் சொல்லவில்லை.

ஞாயிறு இரவு குரிடிபாவுக்கு எழுதினேன்.
ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தது: அப்படி ஒரு முகவரி இல்லை.
பெயரைத் தேடினேன்.
மாநாட்டுச் சுருக்கம் ஒன்று, அதே வருடம்.
அதற்குப் பிறகு எங்கேயும் இல்லை.
பதினான்கு படிகள். ஒரு படிக்கு மூன்று வாரம் என்றாலும்
எவ்வளவு என்று நான் பெருக்கிப் பார்க்கவில்லை.
பெருக்கினேன்.

திருத்தக் குறிப்பு ஒன்றரைப் பக்கம்தான் வந்தது.
நன்றி என்ற இடத்தில் எவர்ட்டன் ஷிமான்ஸ்கி என்று எழுதி
எழுத்துக்கூட்டலை மூன்று முறை சரிபார்த்தேன்.
கோப்பின் முதல் வரியை எடுக்கவில்லை.
பக்கத்தில் சேர்த்தேன்: திருத்தத்துடன்.

லோஷினியிடம் இன்னும் சொல்லவில்லை.
நெய்யுருண்டை டப்பா
கழுவி, கவிழ்த்து,
உலர்ந்து இரண்டு நாளாகிறது.