பையைக் கொஞ்சம் பார்த்துக்குங்க

பாயான் லெப்பாஸ், பகல் மூன்றரை, ஷிப்ட் முடிந்த பசி.
நாசி கண்டார் கடையின் ஓர மேசையில்
மடிக்கணினிப் பையை வைத்து
அதன்மேல் கைபேசியை வைத்து
கைபேசியின்மேல் கார்ச் சாவியையும் வைத்துவிட்டு
கை கழுவப் போனார் முரனாகா.

என் தே ஓ ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.
நான் அந்தச் சாவியைக் காத்தேன்
எல்லைச் சாமி மாதிரி, இமை கொட்டாமல்.

திரும்பி வந்தவர் கேட்டார்,
"எனக்காகவா காத்திருந்தீர்கள்? சாப்பிட்டிருக்கலாமே."
பையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.
அதை ஒரு கை தொடக்கூடும் என்பது
அவர் இலக்கணத்தில் இல்லாத வினை.

அவர் ஊரில், வயல் ஓரத்தில், ஆளில்லாக் கடை ஒன்று உண்டாம்.
முட்டைக்கோசு. பக்கத்தில் ஒரு தகர டப்பா.
காசைப் போடு, காயை எடு.
இதைப் பெருமையாகச் சொல்லவில்லை,
ஆறு மணிக்கு இருட்டும் என்பதுபோலச் சொன்னார்.

எங்கள் வீட்டில் வெளிக்கேட்டுக்கு ஒரு பூட்டு
கம்பிக்கதவுக்கு இரண்டு
மரக்கதவுக்கு ஒன்று.
ஜெலுத்தோங் பாசார் வாசலில்
அக்கா கழுத்துச் சங்கிலியை மோட்டார் சைக்கிள் ஒன்று
மூன்று நொடியில் கொண்டுபோனது. நாலு தையல்.
இப்போது கழுத்தில் மஞ்சள் கயிறு, தங்கம் பேங்கில்.
இதை நான் அவரிடம் சொல்லவில்லை.
வெட்கம் குழம்பில் ஊறிப் பெருத்தது.

கடைப்பையன் தட்டை மாற்றி வைத்துவிட்டான்.
தவறு அவனுடையது, எழுந்து குனிந்தவர் இவர்.
அந்தக் குனிவைப் பார்க்கும்போதெல்லாம்
அம்மாவின் பெரியப்பா ஒருவர் எனக்குள் நிமிர்ந்து நிற்பார்.
காவல் சாவடியில் குனிய மறந்து அறை வாங்கியவர்.
பிறகு சயாமுக்குத் தண்டவாளம் போடப் போனவர்.
பிறகு இல்லை.
இதையும் நான் சொல்லவில்லை.
சொல்லாதது மரியாதையா, சம்பளமா, தெரியவில்லை.

அப்போது வெளியே ஹாரன்.
என் காரை இரண்டாம் வரிசையில் நிறுத்தியிருந்தேன்,
கண்ணாடிக்குப் பின்னால் கைபேசி எண்ணை எழுதி வைத்து.
ஓடுமுன், அடுத்த மேசையில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த
முக்காடிட்ட பெண்ணிடம் சொன்னேன்:
"கக், பையைக் கொஞ்சம் பார்த்துக்குங்க."
மலாய் பாதி, தமிழ் பாதி, மீதி கையசைப்பு.
அவள் பெயரும் கேட்கவில்லை, முகமும் நிமிரவில்லை.
பையைத் தன் நாற்காலிக்கடியில் இழுத்து
வாருக்குள் பாதத்தை நுழைத்துக்கொண்டாள்.

காரை நகர்த்திவிட்டு வந்தேன்.
முரனாகா கேட்டார்: "அவர் உங்கள் தோழியா?"
"யாரென்றே தெரியாது."
"நான் இங்கேதானே இருந்தேன்?"
இருந்தீர்கள்தான்.
ஆனால் உங்களுக்குக் காவல் காக்கத் தெரியாதே, ஐயா.

நெடுநேரம் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு சொன்னார்:
தன் அடுக்குமாடியில் ஒன்பது வருடம் எதிர்வீட்டுக்காரரை
குடையின் நிறத்தால் மட்டும் அறிந்தாராம்.
குடை தொலைந்தால் வாசலுக்கு வந்துவிடும்.
கால் உடைந்து கட்டுப் போட்டிருந்த மாதத்தில்
என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லையாம்.
கேட்பது தொந்தரவு அல்லவா.

இங்கே அது முடியாது. கட்டோடு லிப்டில் ஏறினால்
மூன்றாம் மாடிக்குள் மூன்று வைத்தியமும்
சம்பளம் எவ்வளவு என்ற கேள்வியும் வந்துவிடும்.

போன வியாழன் அதே கடை, அதே மேசை.
நான் வரிசையில் நின்றேன்.
முரனாகா எழுந்தார், தயங்கினார்,
நாளிதழ் படித்துக்கொண்டிருந்த சீனத் தாத்தாவிடம் போய்
ஒத்திகை பார்த்த மலாயில் ஏதோ சொன்னார்.
தாத்தா தாளிலிருந்து கண்ணெடுக்காமல்
பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.
எனக்குச் சிரிப்பும் பெருமையும்.

ஆனால் குழாயடியில்
கையில் சோப்பு நுரையோடு
முரனாகா திரும்பிப் பார்த்தார்.
ஒரு தடவை.
பிறகு இன்னொரு தடவை.

மன்னிப்புக் கேட்க அவர் மொழியில்
எனக்கு நாலு சொற்கள் தெரியும்.
அவர் வந்து உட்கார்ந்தபோது
என் வாயில் சோறு இருந்தது.