இரண்டாம் பாகம், பக்கம் 312

ஆளுக்கு இருநூற்று இருபது போட்டு வாங்கினோம்
நானும் பர்ஹானாவும்.
காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டு எதிர்க்கடையில்
பத்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை,
பதினான்கு மாதம் காத்திருந்த எங்கள் முகங்களைப் பார்த்தும்.

பூவா தலையாவில் அவளுக்கு முதல் முறை.
"ஒரு வரி சொன்னாலும் கொன்னுடுவேன்" என்றேன்.
சொல்லவில்லை.
மூன்று நாளில் முடிப்பவள் ஒன்பது நாள் வைத்திருந்தாள்.
பத்தாம் நாள், கெமிஸ்ட்ரி லேபில்,
பியூரெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்
பையைக் காலால் என் பக்கம் தள்ளினாள்:
"நீயே படிச்சுக்க."
துக்கம் கேட்கப் போன இடத்தில்தான்
அப்படிப் பேசிப் பார்த்திருக்கிறேன்.

அப்பா காவல் பார்க்கும் வீடு கானாடுகாத்தானில்.
ஞாயிறுகளில் வளவு கூட்டுவது என் வேலை.
கூட்டிவிட்டு இரண்டாங்கட்டில்
தூணில் சாய்ந்து பிரித்தேன்.

முதல் பாகத்தில் பாலம் எரித்தவள் மின்னாள்.
உப்புக்காற்றில் பிறந்த குதிரையின் பிடரியைப் பற்றி
ஏழு கோட்டைகளுக்கு மேலே போனவள்.
இதில் நடக்கிறாள்.
பதினோரு அத்தியாயம் நடக்கிறாள்.
காடு. அப்புறம் வேறொரு காடு.
கூடாரத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன்;
இருவருக்கும் தாடை கூர்மை.
என்ன கேட்டாலும் "காலம் வரட்டும்" என்கிறார்கள்.
செத்துப்போன அம்மா விட்டுப்போன ஓலையை
நூற்றறுபதாம் பக்கத்தில் எடுக்கிறாள்,
முந்நூறில் மடித்து வைக்கிறாள்,
நடுவில் ஒருமுறையாவது
படித்துத் தொலைக்க வேண்டாமா?

நிமிர்ந்தேன்.
சுற்றிலும் பதினாறு அறை, பதினாறு பூட்டு.
புள்ளிக்கொரு சாவி;
ஒன்று பினாங்கில், ஒன்று பெங்களூரில்,
ஒன்று எங்கே என்று கோர்ட்டுக்கே தெரியாது.
கதவின் வெளிப்பக்கத்தை மட்டும்தான்
அப்பா துடைப்பார்.
எழுதினவரும் இங்கேதான் தங்கி எழுதியிருப்பார் போல.

முதல் பாகத்தின்போது சாப்பாடே மறந்துபோனது.
இன்று இரண்டு தரம் சால்னா கேட்டேன்.

ஒருவேளை நான்தானோ?
அப்போது பத்தாவது, இப்போது பிளஸ் ஒன்.
பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்
இந்த வருஷம் எதற்கு என்று
எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை.
இருக்கட்டும்.
நூற்றைம்பது பக்கத்தைக் கிழித்து
அந்த பரோட்டாவைப் பொட்டலம் கட்டினாலும்
இந்தக் கதைக்கு வலிக்காது.

முந்நூற்றுப் பன்னிரண்டில் குதிரை வந்தது.
தூரத்தில், ஒரு மரத்தில், கட்டியிருந்தார்கள்.
ஒரே வரி.
அடுத்த வரியில் தாடைக்காரன் பெருமூச்சு விட்டான்.

ஓரத்தில் பென்சில்.
பர்ஹானாவின் பொடி எழுத்து;
புத்தகத்தில் கிறுக்கினால் சிநேகிதம் முடிந்தது என்று
சட்டம் போட்டவளே அவள்தான்.
"தண்ணி காட்டினாங்களா?"

கரண்ட் பில் கணக்கு நோட்டில்
அப்பா சொருகியிருந்த பென்சிலை உருவி
கீழே எழுதினேன்:
"இல்ல. கயிறும் இறுக்கமா இருக்கு."

மீதி நூற்றிருபது பக்கத்திலும்
அந்த மரத்தைத் தேடிக்கொண்டே போனேன்.
ஐந்தேகால் பஸ் போய்விட்டது.
மரம் வரவில்லை.