கழிவு ரெண்டு

வெலிங்டனிலிருந்து மாற்றலாகிப் போன மேஜர் வீட்டில்
சலவை மெஷின் வாங்கப் போன போஜன்
கோத்தகிரி பஸ்ஸில் திரும்பி வந்தான்
மடியில் ஒரு டிரம்ஸும்
தோளில் இரண்டு கிட்டாருமாக.
எல்லாம் பிளாஸ்டிக்.
நரம்பு இருக்க வேண்டிய இடத்தில்
தட்டினால் டிக்கென்று சொல்லும் ஒரு பட்டை.
கழுத்தில் ஐந்து பொத்தான்:
பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு.
லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்தபடி
கச்சேரியா என்று கேட்டார் கண்டக்டர்.
ஆமாம் என்று சொல்லிவிட்டான்.

பேக்கரிக்கு மேலே என் அறை.
கீழே வர்க்கி வேகும் நேரம் தரை சூடாகும்.
அந்த ஒன்றரை மணி நேரம்தான்
எங்களுக்கு விரல் மடங்கும்.

ஜெபசிங் இடக்கையன்.
கிட்டாரைத் தலைகீழாய்ப் பிடித்து
ஆரஞ்சில் தொடங்கி பச்சைக்கு வருவான்.
இடக்கையருக்கென்று மெனுவில் தனியே ஒரு வரி இருப்பதை
மூன்று மாதம் கழித்துக் கண்டுபிடித்தோம்.
மாற்றிக் கொடுத்தால் கோபித்துக்கொண்டான்.
சிவப்பு டிரம்மில் விரிசல், அதன் மேல் சைக்கிள் டியூப் ஒட்டு.
ஒட்டின் மேலேயே அடித்தால்தான் மெஷினுக்கு உறைக்கும்.

மைக் யோகராணிக்கு.
பகலில் இலைக்கொட்டகையில் எடை போடுகிறவள்.
பாட்டெல்லாம் இங்கிலீஷ்.
திரையில் எழுத்து ஓடிய ஓட்டத்தில்
முதல் வாரம் அவளுக்கு மூச்சு வாங்கியது.
அப்புறம் தெரிந்தது,
மெஷினுக்கு வார்த்தை வேண்டாம்,
ஏற்றமும் இறக்கமும் சரியாயிருந்தால் போதும்.
அன்றிலிருந்து
எங்கோ எவனோ எவளையோ பிரிந்து அலறுகிற இடத்தில்
கண்ணை மூடிக்கொண்டு இழுக்கிறாள்:
செல்லி பதினாறு கிலோஓஓ, கழிவு ரெண்டு,
மாரியாயி பதிமூணு, ஈர இலை, கழிவு மூணூஊ.
தொண்ணூற்றொரு சதவீதம்.
திரையில் கூட்டம் கையைத் தூக்கி ஆடுகிறது.

நான் கேபிள்காரன். எனக்கு வேறு தலைவலி.
படம் முந்துகிறது, ஸ்பீக்கர் பெட்டி பிந்துகிறது.
எவ்வளவு பிந்துகிறது என்று மெஷினிடம் சொல்லிவிட்டால்
அதுவே கழித்துக்கொள்ளும்.
அறுபது மில்லி விநாடி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
மழை நாளில் எழுபதோ என்று சந்தேகம்.

செவ்வாய்க்கிழமை காலை கம்பத்தின் மேலிருந்தேன்.
எதிர்ச் சரிவில் யாரோ கற்பூர மரம் பிளக்கிறார்.
கோடாலி இறங்குகிறது.
மறுபடி அவர் தலைக்கு மேல் போன பிறகுதான்
இறங்கிய சத்தம் இங்கே வருகிறது.
வயர் பிடித்த கையின் ஆள்காட்டி விரல்
தன்னால் பச்சையை அழுத்துகிறது.
ஒன்றுகூடத் தவறவில்லை.
இந்தப் பள்ளத்தாக்குக்கு எவ்வளவு கழிவு
என்று யோசித்துக்கொண்டிருந்ததில்
மூன்று வீட்டுக்கு சீரியல் போய்விட்டது.

நேற்று கட்டபெட்டு பக்கம் லைனில் மரம் விழுந்தது.
எங்களுக்குப் பாட்டின் நடுவில் கரண்ட் போனது.
விரல் உடனே நிற்குமா?
டிக் டிக் டிக்,
டப், டியூப் ஒட்டின் டொப்.
இவ்வளவு நாள் இதைத்தான் வாசித்தோமா
என்று இருட்டு கேட்க வைத்தது.
அசிங்கமாகத்தான் இருந்தது.
யாரும் நிறுத்தவில்லை.

யோகராணி எங்களை எடை போட ஆரம்பித்தாள்.
போஜன் அறுபத்தெட்டு, கழிவு இல்ல.
ஜெபசிங் அம்பத்தொம்போது,
குல்லா ஈரம், கழிவு ஒண்ணு.
போஜன் சிரித்ததில் ஒரு அடி தப்பியது,
பிடித்துக்கொண்டான்.
அடுத்து நான்.
அவள் மூச்சு இழுக்கிற சத்தம் வரை கேட்டது.

கரண்ட் வந்துவிட்டது.

மெஷின் முதலிலிருந்து முழித்தது,
யாரையும் தெரியாத மாதிரி.
மார்க் எதுவும் சேமிக்கவில்லை.
ஜெபசிங் கெட்ட வார்த்தை ஒன்றைத் தலைகீழாய்ச் சொன்னான்.
தொடர பச்சையை அழுத்து என்றது திரை.
மைக்கைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே
மறுபடி எல்லாரையும் போடணுமா என்றாள் யோகராணி.
அழுத்தினேன்,
கொஞ்சம் முந்தி.