இருநூற்று முப்பத்தொன்பதில் தொடங்கும் முகவரி

அந்த முகவரியில் யாரும் குடியில்லை.
கதவெண் உண்டு, கதவு கிடையாது.
வேண்டும் என்று கைதூக்கினால்
ஓடை அந்தப் பக்கம் ஒரு கிளை திரும்பும்.

பாயான் லெப்பாஸ், நான்காம் மாடி, இரவு பதினொன்றரை.
சோதனைப் படத்துக்கு
பட்டர்வொர்த் ஃபெர்ரியின் பின்பக்க நுரையை
எடுத்து வந்திருந்தான் எங் ஹுவாட்.
தண்ணீர்தான் சுருங்க மறுக்கும் என்றான்.
முகம் எளிது. சுவர் அதைவிட.
நுரையில் மட்டும்
ஒரு ஃபிரேமுக்கு அடுத்த ஃபிரேம் அந்நியம்.

முதலில் பழைய வழி, ஆளுக்கொரு பிரதி.
நாற்பது பேர், சரி.
நானூறில் விசிறிகள் இரைந்தன.
அறுநூற்றுப் பன்னிரண்டில்
கடல் சதுரம் சதுரமாய் உடைந்து நின்றது.
மீ கோரேங் எண்ணெய் விரலோடு
எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

பிறகு ஒரே பிரதி.
சர்வர் ஒருமுறைதான் சொல்கிறது,
பிரியவேண்டிய இடத்தில் ஸ்விட்ச் பிரிக்கிறது.
ஐயாயிரம் போலிப் பார்வையாளர்கள்.
விசிறிக்குத் தெரியவே இல்லை.
கைதட்டப் போன ஃபத்லினா
"அம்பது பாக்கெட் போச்சு" என்றாள்.
போனது போனதுதான்.
இங்கே யாரும் திரும்பக் கேட்பதில்லை.
அடுத்த நுரை வந்துவிடும்.

நூற்றிருபத்தைந்து விநாடிக்கொருமுறை
ரூட்டர் விசாரிக்கும்: யாராவது இருக்கிறீர்களா?
ஒருவர் 'இருக்கிறேன்' என்றால்
மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.
அதற்கு அது போதும். தலை எண்ணாது.
திங்கட்கிழமை மேலாளர் எண்ணுவார்.
எத்தனை பேர் பார்த்தார்கள்?
தெரியாது என்பதை எந்த வரைபடத்தில் வரைவது?

இரண்டு மணிக்கு எல்லாப் போலிகளையும் நிறுத்தினோம்.
ஓடை வற்றவேண்டும்.
வற்றவில்லை.
மறுபடி கேள்வி. மறுபடி எங்கிருந்தோ
ஓர் இருக்கிறேன்.

போர்ட் எண்ணைப் பிடித்து, வயரைப் பிடித்து,
கூரைப் பலகைக்குள் தலை நுழைத்து,
பண்டக அறை.
கால் ஒடிந்த நாற்காலிகள்,
சீனப் பெருநாளின் சிவப்பு விளக்குகள்,
அடியில் ஒரு பெட்டி. திரை இல்லை.
பச்சைப் புள்ளி மட்டும்.
மேலே ஒட்டிய தாளில் என் கையெழுத்து:
'கழற்ற வேண்டாம். குமுதவதி.'
எதற்கு எழுதினேன்?

பதினான்கு மாதம்.
ஓடையே ஓடாத இரவுகளிலும்
கேட்ட உடனே பதில் சொல்லியிருக்கிறது.

பிளக்கில் கைவைத்து எங் ஹுவாட் என்னைப் பார்த்தான்.
பிடுங்கவா லா?
நாளைக்கு, என்றேன்.

காரில் ஒன்று இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன்.
எழுபத்தொன்றில் மழை பிடித்துக்கொண்டது,
வைப்பரோடு கணக்கு கலந்து போனது.