நகக்கண்

மேட்டூர் திறந்தும் தண்ணீர்
மன்னார்குடிக்கு வந்து சேரவில்லை.
பாமணியாற்றில் மணல்தான் கிடக்கிறது.

என் கூடத்தில் மட்டும்
நாலடிக் கடலுக்குள்
நாற்றங்கால் விட்டதுபோல் பாசி.

பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன்.
பவளத்தின் வாய் கிழியாமல்
விரலில் சுற்றிச் சுற்றிப் பிடுங்கினேன்.
நாற்பது நத்தை வாங்கி விட்டேன்,
தின்று கொழுத்துக்
கண்ணாடியில் ஒட்டித் தூங்குகின்றன.
யூரியா சாக்கால் மூடி
மூன்று நாள் இருட்டில் போட்டேன்.
கோமாளி மீன் இரண்டும் பிழைத்தன.
பாசியும்.

"ஊரே பச்சைக்கு ஏங்குது,
நீங்க பிடுங்கி எறியிறீங்க"
என்கிறாள் செங்கமலம்,
தட்டை என் பக்கம் தள்ளி.

நேற்று சோதனைக் குழாய்
அடர்நீலமாகத் திரும்பியது. பாஸ்பேட்.
எங்கிருந்து?
ஊற்றுவது ஆர்.ஓ. தண்ணீர்.
உப்பும் விலை கூடின உப்பு.

இன்று கடைக்கு
கோட்டூர் வைரக்கண்ணு வந்தார்.
டிஏபி ஒரு மூட்டை, கடனுக்கு.
"வெதைச்சாச்சு. தண்ணி வந்துடும்ல?"
மூட்டை ஓரத்தில் கிழிசல்.
சிந்தியதை அள்ளிப் போட்டுத் தைத்துக் கொடுத்தேன்.
கணக்கெழுதக் குனிந்தபோது பார்க்கிறேன்,
நகக்கண்ணெல்லாம் சாம்பல் பொடி.

இந்தக் கையைத்தான்
ராத்திரி ராத்திரி
முழங்கை மட்டும்
கடலில் விடுகிறேன்.