நீலக் கரை வெளியே

பகாவ் தாமான் வீட்டு முன்கூடத்தில்
ரத்தினவேலு அண்ணன்
ஒரு முழுக் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.
கிள்ளானில் ஏறி நான்கு இரவு,
பினாங்கு, புக்கெட், திரும்பக் கிள்ளான்.
சாலைப் போக்குவரத்து இலாகாவில்
முப்பத்தோராண்டு முத்திரை குத்திய கை
கடலை இப்படி, இவ்வளவு என்று
அகட்டிக் காட்டியது.

பதினான்கு மாடிடா தம்பி.
நள்ளிரவிலும் சோறு.
துண்டை யானையாய் மடித்துக்
கட்டில்மேல் உட்கார வைக்கிறான்,
அதற்கு என் மூக்குக்கண்ணாடியையே மாட்டிவிட்டு!

போன மாதம் மூன்றாம் வாரம் என்றார்.
விரல்விட்டு எண்ணினேன்.
அந்த வாரம் அவருக்குக் கீழேதான் இருந்தேன்,
மின்தூக்கிப் பொத்தானில்
எண் இல்லாத தட்டில்.
சன்னல் கிடையாது.
நின்றுபோன சலவை டிரம்மில்
தண்ணீர் ஒருபக்கம் சாய்ந்தால்
வெளியே கடல் இருக்கிறது என்று அர்த்தம்.

ஊருக்கு நான் 'கப்பலில் ஆபீஸ்'.
அம்மா சொல்லிவைத்தது.
நான் திருத்தவில்லை.

கடைசி ராத்திரி கதவடியில் பில்லைத் தள்ளுகிறான்.
சேவைக் காசாம்,
ஆளுக்கு, நாளுக்கு, இத்தனை வெள்ளி.
கேட்டானா என்னை?
கவுண்டரில் முக்கால் மணி நேரம் நின்றேன்.
யாருக்கு இது, ஆளைக் காட்டு என்றேன்.
அறை கூட்டிய பையனைத் தெரியும்,
கையில் இருபது வெள்ளி வைத்து
தேங்க்யூ சொன்னேன்.
கோப்பி ஊற்றிய பெண்ணுக்குப் பத்து.
மற்றவன் எவன்?
பார்த்தேனா, பேசினேனா?
முந்நூற்று அறுபது வெள்ளி.
வெட்ட வைத்தேன்.

சம்பள நாளில் அந்தக் கட்டம்
இளைத்திருந்ததைப் பார்த்து
தேக் பகதூர் என்னிடம் கேட்டான்:
அவர்களுக்கு நம்மைப் பிடிக்கவில்லையா?
கசங்கிய தலையணை உறை ஒன்றை உதறிக்கொண்டே
பிடிப்பதற்கும் தெரிய வேண்டுமே என்றேன்.
அவன் நேப்பாளியில் ஏதோ சொன்னான்.
இயந்திரச் சத்தத்தில் விழவில்லை.
அது
இந்த அண்ணன் தலை வைத்த உறையாகவும் இருக்கலாம்.
ஆவியில் எல்லா வாசனையும் ஒன்றுதான்.

சொல்லியிருக்கலாம் நான்.
வாய் வரைக்கும் வந்தது.
அம்மா உதிரிப் பழம் பொறுக்கிய வருடங்களில்
செக்ரோலில் அப்பா பெயர்தான் இருந்தது;
மூட்டை எடை போடும்போது
கிராணி நிமிர்ந்து பார்த்ததில்லை.
அதையும் நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை.
பழகிவிட்டது.

இதையும் கிளப்பிக்கிட்டு வந்துட்டேன்,
ஞாபகத்துக்கு, என்று சிரித்து
மேசைமேல் ஒரு துண்டைப் போட்டார்.
வெள்ளை. ஓரத்தில் நீலக் கரை.
முறுக்குத் தட்டுக்கும் கார்ச் சாவிக்கும் நடுவில்
குப்புறக் கிடந்தது.

நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சத்தியமாய்.
கை போய்விட்டது.
நீளவாக்கில் மூன்று,
குறுக்கே இரண்டு,
நடுவில் ஒரு தட்டு,
நீலக் கரை வெளியே.
நான்கு வினாடி.
அதற்கு மேலானால் அங்கே சூப்பர்வைசர் வருவான்.

அண்ணன் கவனிக்கவில்லை.
புக்கெட்டில் வாங்கிய சப்பாத்தின் விலைக்குப் போய்விட்டார்.
புஷ்பவல்லி அக்கா
தே கலக்கிய கரண்டியோடு நின்றுவிட்டார்.
துண்டைப் பார்த்தார்.
என் விரல்நுனியைப் பார்த்தார்,
சோப்புக் காரத்தில் தோல் உரிந்த இடத்தை.

ஒன்றும் கேட்கவில்லை.
கரண்டியை வைத்துவிட்டு
மடிப்புக் கலையாமல்
இரண்டு கையாலும் துண்டை எடுத்து உள்ளே போனார்.
திரும்பி வந்து
தே கோப்பையை என் பக்கமாய் நகர்த்தினார்.

"குடிங்க தம்பி, ஆறிடும்."

பள்ளிக்கூடக் காலத்திலிருந்து
அவருக்கு நான் வாடா, போடா.
அந்த 'ங்க'
மரியாதையா, இரக்கமா,
இல்லை இனிமேல் தூரமா?
தே தொண்டையில் சுட்டது.
ஆறும்வரை காத்திருக்கத் தெரியவில்லை.

மோட்டாரை உதைத்துக் கிளப்பும்போது
உள்ளேயிருந்து அண்ணன் குரல்:
அந்தத் துண்டு எங்கே?
பதில் வரவில்லை.
இன்னும் ஒன்பது நாள் விடுமுறை.